எதிர்காற்றில் கவிழாத மிட்ரேஞ்ச்: எதை வாங்குவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடமாக டிஸ்க் கால்ஃப், அதாவது தட்டை எறிந்து கூடையில் சேர்க்கும் ஆட்டம், ஆடுகிறீர்கள். வலது கை, பேக்ஹேண்ட் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுவந்து எறிவது). பையில் இருக்கும் ஒரே மிட்ரேஞ்ச் (நடுத்தரத் தூரத்துக்கான தட்டு) டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் பஸ். (ரீங்காரம் என்ற பொருளில் வைத்த பெயர், நம்ம ஊர் 21ஜி இல்லை.) காற்றில்லாத நாளில் 70 மீட்டர் வரை நேராகப் போகிறது. எதிர்காற்று அடித்தால் வலப்பக்கம் புரண்டு புதருக்குள் போய் விழுகிறது. அதனால் இன்னும் ஸ்டேபிளான (வலப்பக்கம் புரளாத), முடிந்தால் கொஞ்சம் ஓவர்ஸ்டேபிளான (கடைசியில் இடப்பக்கம் வரும்) மிட்ரேஞ்ச் ஒன்று வாங்க வேண்டும். கடைக்குப் போனால் சுவர் முழுக்கத் தட்டுகள், எதை எடுப்பதென்றே தெரியவில்லை. இதுதானே?

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காகப் பதிலை இங்கேயே வைத்துவிடுகிறேன்: இன்னோவா நிறுவனத்தின் ராக் 3 தட்டு, ஸ்டார் அல்லது சாம்பியன் என்ற விலை கூடிய பிளாஸ்டிக்கில், 177 முதல் 180 கிராமுக்குள். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அதை வாங்கியும் சிலருக்குப் பிரச்சினை தீராது. ஏன் தீராது என்பதுதான் இந்தப் பதிலில் முக்கால்வாசி.

நான் அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லட்டில் ஆடுகிறேன். எங்கு பார்த்தாலும் பைன் மரம், கீழே செம்மண். ஆடத் தொடங்கிய இரண்டாவது வருடம் எனக்கும் இதே சங்கடம் வந்தது. கடைக்குப் போய், இருப்பதிலேயே அதிக ஃபேட் எண் (கடைசியில் இடப்பக்கம் சாயும் அளவு) போட்ட மிட்ரேஞ்சை எடுத்து வந்தேன். கல் மாதிரி ஒரு தட்டு. எப்படி எறிந்தாலும் வலப்பக்கம் போகவே போகாது. எறியும்போது கையைக் கோணலாகச் சுழற்றினாலும், மணிக்கட்டைத் திருப்பினாலும், அது பாட்டுக்கு இடப்பக்கம் வந்து விழும். அடடா, ஆட்டம் தேறிவிட்டது என்று நினைத்தேன். நாலு மாதம் கழித்து ஒரு சாதாரண நேர்த்தட்டை எடுத்து எறிந்தபோதுதான் உண்மை தெரிந்தது. என் கைவீச்சு முழுக்கக் கெட்டுப் போயிருந்தது. அந்தக் கல் அத்தனையையும் மூடி மறைத்திருந்தது. திருத்திக்கொள்ள இன்னொரு வருடம் ஆனது. ஆகவே எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஓவர்ஸ்டேபிள் தட்டு வாங்கும்போது உங்கள் வேலைக்கு எவ்வளவு ஃபேட் போதுமோ அவ்வளவுதான் வாங்க வேண்டும். ஒரு சிட்டிகைகூட அதிகம் வேண்டாம்.

சரி, அடிப்படைக்கு வருவோம். வலது கை பேக்ஹேண்டில் தட்டு மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. வேகமாகப் போகும் முதல் பாதியில் வலப்பக்கம் சாய்ந்தால் அது டர்ன். வேகம் குறையும்போது இடப்பக்கம் சாய்ந்து விழுந்தால் அது ஃபேட். முதல் பாதியில் வலப்பக்கம் சாய மறுத்து, கடைசியில் பலமாக இடப்பக்கம் வருவது ஓவர்ஸ்டேபிள். எளிதாக வலப்பக்கம் சாய்வது அண்டர்ஸ்டேபிள். நடுவில் இருப்பது ஸ்டேபிள். இடது கைக்காரர்களும், வலது கையால் ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னால் வர) எறிபவர்களும் நான் சொல்லும் இடம் வலம் அத்தனையையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேபிள் என்ற சொல்லே ஒரு தொல்லை. சிலர் அதை நேராகப் போவது என்ற பொருளில் சொல்கிறார்கள். இன்னும் சிலர், குறிப்பாகப் பழைய ஆட்டக்காரர்கள், ஓவர்ஸ்டேபிளையே அப்படிச் சொல்கிறார்கள். கடையில் ‘ரொம்ப ஸ்டேபிளான மிட்ரேஞ்ச் வேண்டும்’ என்று கேட்டால் இரண்டில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். ‘எதிர்காற்றில் வலப்பக்கம் போகக் கூடாது, கடைசியில் இடப்பக்கம் நம்பிக்கையாக வர வேண்டும்’ என்று வேலையைச் சொல்லிக் கேளுங்கள்.

தட்டு ஏன் இப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பம்பரம் விட்டவர்களுக்கு இது எளிது. சுற்றிக்கொண்டிருக்கும் பம்பரத்தின் தலையை முன்னால் தள்ளினால் அது முன்னால் விழாது, பக்கவாட்டில் சாயும். தட்டும் அப்படித்தான். வேகமாகப் போகும்போது காற்றின் தூக்குவிசை தட்டின் மையத்துக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. மூக்கு கீழே அழுந்தப் பார்க்கிறது. ஆனால் தட்டு சுழல்வதால் மூக்கு அழுந்துவதற்குப் பதில் வலப்பக்கம் சாய்கிறது. வேகம் குறைந்து தட்டு கீழே இறங்கத் தொடங்கியதும் காற்று அடிப்பக்கத்தில் மோதுகிறது, தூக்குவிசை மையத்துக்கு முன்னால் நகர்கிறது, மூக்கு மேலே எழப் பார்க்கிறது. விளைவு இடப்பக்கச் சாய்வு. ஓவர்ஸ்டேபிள் தட்டு என்பது இந்த இரண்டாவது நிலைக்குச் சீக்கிரம் போய்விடும்படி விளிம்பை வடிவமைத்த தட்டு. அவ்வளவே.

இப்போது எதிர்காற்றைச் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எறிகிறீர்கள், எதிரே 20 கிலோமீட்டர் காற்று. தட்டுக்குத் தெரிவது 100 கிலோமீட்டர் வேகக் காற்று. அதாவது உங்களைவிட மிகப் பலமான ஒருவர் எறிந்ததைப் போல அது நடந்துகொள்ளும். பஸ்ஸின் டர்ன் எண் -1 (கழித்தல் குறி என்றால் வலப்பக்கச் சாய்வு). உங்கள் வேகத்துக்கு அந்த -1 வெளியே தெரியாமல் இருந்தது. காற்று வந்ததும் தெரிந்துவிட்டது. தட்டின் மேல் குற்றமில்லை. பின்காற்றில் நேர் எதிர்: தட்டுக்குத் தெரியும் வேகம் குறையும், தூக்குவிசை போதாது, எந்தத் தட்டும் கொஞ்சம் ஓவர்ஸ்டேபிளாக நடந்து பொத்தென்று விழும்.

வாங்குவதற்கு முன் காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. எதிர்காற்றில் உங்கள் பஸ்ஸையே ஹைசராக எறிந்து பாருங்கள், அதாவது இடது விளிம்பைத் தாழ்த்தி, 10 முதல் 15 டிகிரி சாய்வில். காற்று அதை நிமிர்த்தும், நிமிர்ந்த பிறகு நேராகப் போகும். தாழ்வாக எறியுங்கள், வேகத்தையும் கொஞ்சம் குறையுங்கள். பலமான எதிர்காற்றில் பலமாக எறிவதுதான் பலருக்கு வரும் முதல் யோசனை, அதுவே முதல் தவறும்கூட.

இன்னொரு சோதனை. நண்பர் ஒருவரை உங்கள் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். தட்டு போகும்போது அவருக்கு அதன் அடிப்பாகம் தெரிகிறதா, மேல்பாகம் தெரிகிறதா என்று பார்க்கட்டும். மேல்பாகமே தெரிகிறது, அதாவது முன்மூக்கு தூக்கிக்கொண்டு போகிறது என்றால், காற்றில்லாத நாளில் உங்கள் தட்டுகள் எல்லாமே சீக்கிரம் இடப்பக்கம் விழும், தூரமும் வராது. தட்டு தள்ளாடிக்கொண்டு கிளம்புகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கிளம்பும்போதே தள்ளாட்டம் இருந்தால், உங்கள் கை சுழற்றும் அச்சும் தட்டின் அச்சும் ஒன்றாக இல்லை என்று பொருள். அந்தத் தள்ளாட்டம்தான் நேர்த்தட்டை வலப்பக்கம் கவிழ்க்கும் பெரிய திருடன். காற்றே இல்லாதபோதும் பஸ் அவ்வப்போது வலப்பக்கம் புரள்கிறது என்றால் புதுத் தட்டு வாங்குவதை இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள். நான் தள்ளிப் போடவில்லை, கதையை மேலே படித்தீர்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் காற்றில்லாத நாளில் உங்களுக்கு நேராகவே போகிறது. ஆகவே வாங்கலாம்.

தட்டின் மேல் அச்சடித்திருக்கும் நாலு எண்களை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன்: ஸ்பீடு (வேகம்), கிளைடு (மிதப்பு), டர்ன், ஃபேட். பஸ்ஸுக்கு 5, 4, -1, 1. ராக் 3-க்கு 5, 4, 0, 3. இந்த முறையைக் கொண்டுவந்தது இன்னோவா. மற்ற நிறுவனங்களும் இதைப் பின்பற்றுகின்றன, ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் தட்டுக்குத் தாங்களே எண் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் 3 இன்னொரு நிறுவனத்தின் 2-ஆக இருக்கலாம். ஒரே நிறுவனத்துக்குள் ஒப்பிட இந்த எண்கள் உதவும். நிறுவனம் தாண்டி ஒப்பிடும்போது திருமணப் பொருத்தத்தில் பத்துக்கு எட்டு என்பதுபோல எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணைவிட எனக்கு விரல்மேல் நம்பிக்கை அதிகம். கடையில் தட்டைக் கையில் எடுத்ததும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். தட்டின் வெளிவிளிம்பில், அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். தட்டை மேசைமேல் வைத்தால் அந்தக் கோடு மேசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். உயரம் கூடினால் பொதுவாக ஓவர்ஸ்டேபிள். குறைந்தால் டர்ன் ஆகும். ஒரே பெயர், ஒரே பிளாஸ்டிக், ஒரே எடை என்றாலும் இரண்டு தட்டுகளில் இந்த உயரம் மயிரிழை வித்தியாசப்படும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குவதில் வரும் வேறுபாடு அது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

அடுத்து, அடிவிளிம்பு. சில தட்டுகளில் கீழ்விளிம்பைச் சுற்றி வயல் வரப்பு மாதிரி சின்ன மேடு ஒன்று ஓடும். பீடு என்பார்கள். அது தட்டை ஓவர்ஸ்டேபிள் பக்கம் தள்ளும். தேய்ந்து போவதையும் தாமதப்படுத்தும். உங்கள் பஸ்ஸில் அது கிடையாது. டிஸ்க்ராஃப்டின் வாஸ்ப் கிட்டத்தட்ட வரப்பு வைத்த பஸ்தான். ராக் குடும்பத்துக்கும் வரப்பு உண்டு. சிலருக்கு விரலில் உறுத்தும், பிடிக்காது. எனக்கு அது இருந்தால்தான் பிடி எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிகிறது. இது எறிந்து பார்க்காமலே, கடையில் நின்றபடி முடிவு செய்யக்கூடிய விஷயம். விரலில் உறுத்தும் தட்டை எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள், பையிலேயே கிடக்கும்.

மூன்றாவது, மேல்பரப்பு. தோசைக்கல் போலத் தட்டையாக இருப்பவை பெரும்பாலும் குறைவாக மிதக்கும், சீக்கிரம் ஃபேட் ஆகும். நடுவில் உப்பியவை கூடுதலாக மிதக்கும். எதிர்காற்றுக்கென்று வாங்குவதால் தட்டையானதைத் தேடுங்கள்.

பிளாஸ்டிக் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மிட்ரேஞ்ச் கதையே இதில்தான் இருக்கிறது. ராக் 1987-இல் வந்த தட்டு. சிந்துபாத் கதையில் வரும் ராட்சசப் பறவையின் பெயர். 4, 4, 0, 3 என்பது அதன் எண். கென் க்ளைமோ என்ற ஆட்டக்காரர் 1990 முதல் 1998 வரை தொடர்ந்து 9 முறை, மொத்தத்தில் 12 முறை உலகப் பட்டம் வென்றவர்; அவருடைய பெயரின் முதலெழுத்துகளைச் சுமந்து கேசி ப்ரோ ராக் என்றே ஒரு தட்டு உண்டு. அவர் காலத்து ஆட்டக்காரர்கள் நாம் இன்று செய்வதுபோல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புது மாடல் தேடவில்லை. பையில் நாலைந்து ராக் வைத்திருப்பார்கள். எல்லாம் ஒரே தட்டு, வயது மட்டும் வேறு.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புதுப் பந்து ஒரு விதம், 40 ஓவர் அடி வாங்கிய பந்து வேறு விதம். டிஎக்ஸ் போன்ற விலை குறைந்த பிளாஸ்டிக்கில் வந்த ராக் புதிதாக இருக்கும்போது ஓவர்ஸ்டேபிள். மரத்தில் மோதி, தரையில் உரசி, சில மாதங்களில் விளிம்பு மழுங்கி நேராகப் போகத் தொடங்கும். இன்னும் தேய்ந்தால் வலப்பக்கம் அழகாக வளையும். புதுசை எதிர்காற்றுக்கு, நடுவயதை நேர்ப்பாதைக்கு, கிழத்தை வலப்பக்க வளைவுக்கு. கைப்பிடி மாறுவதில்லை, விரலுக்குக் குழப்பமில்லை. இந்த வழக்கம் இன்னும் சாகவில்லை. பொறுமை இருந்தால் நான் இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன்: 10, 12 டாலருக்கு டிஎக்ஸ் ராக் 3 ஒன்று வாங்குங்கள், அது தேயத் தொடங்கியதும் இன்னொன்று வாங்குங்கள்.

ஆனால் நீங்கள் கேட்பது காற்றுக்கு நிற்கும் ஒரு தட்டு. அது நாளை ஒரு விதம், அடுத்த மாதம் ஒரு விதம் என்று மாறக் கூடாது. அப்படியானால் ஸ்டார், சாம்பியன், டிஸ்க்ராஃப்டில் இஎஸ்பி, ஸீ போன்ற விலை கூடிய வகைதான் சரி. 16 டாலரிலிருந்து 20 வரை ஆகும். கண்ணாடி போலத் தெரியும் சாம்பியன், ஸீ வகைகள் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். மழையிலும் குளிரிலும் கொஞ்சம் வழுக்கும். ஸ்டார், இஎஸ்பி பிடிக்கு நன்றாக இருக்கும், சற்றுச் சீக்கிரம் பதப்படும். வியர்க்கும் கைக்காரர்கள் இரண்டாவதை எடுங்கள்.

இனி மாடல்கள். பஸ்ஸிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டாக இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி, நேராகப் போய்க் கடைசியில் மட்டும் இடப்பக்கம் தலைசாய்க்கும் தட்டுகள். மேலே சொன்ன வாஸ்ப் 5, 3, 0, 2. டைனமிக் டிஸ்க்ஸின் ஈமேக் ட்ரூத் 5, 5, 0, 2. ஆக்ஸியமின் பைரோ 5, 4, 0, 2.5, இதில் விளிம்பு கனமான வேறு பிளாஸ்டிக்கில் வார்த்திருப்பார்கள், எடை வெளிப்பக்கம் இருப்பதால் சுழற்சி நின்று பேசும் என்பது அவர்கள் வாதம். மென்மையான காற்றுள்ள ஊர்க்காரர்களுக்கு இந்தப் படியே போதும். காட்டுக்குள் ஆடுபவர்களுக்கும்தான், ஏனென்றால் மரங்களுக்கு நடுவே நேர்ப்பாதையில் போக வேண்டியபோது அதிக ஃபேட் உள்ள தட்டு உங்களை அடுத்த மரத்தில் கொண்டுபோய்ச் சாத்தும். ஆக்ஸியமின் ஹெக்ஸ், லாட்டிட்யூட் 64-இன் காம்பஸ் இரண்டும் அருமையான தட்டுகள், ஆனால் அவை பஸ் இருக்கும் படியிலேயே நிற்பவை. உங்களுக்குப் புதிதாக ஒன்றும் தரா.

இரண்டாம் படியில் ராக் 3, டிஸ்க்ராஃப்டின் பஸ் ஓஎஸ், எம்விபியின் மேட்ரிக்ஸ், டைனமிக் டிஸ்க்ஸின் வெர்டிக்ட். முதல் மூன்றுக்கும் எண் ஒன்றே, 5, 4, 0, 3. வெர்டிக்ட் ஃபேட் 3.5. காற்றைக் கண்டு கவலைப்படாதவை, ஆனாலும் கிளைடு 4 இருப்பதால் மிதக்கவும் செய்யும். சற்று வலப்பக்கம் சாய்த்து எறிந்தால் அந்தச் சாய்வைக் கொஞ்ச தூரம் ஏற்றுக்கொண்டு, பிறகு நிமிர்ந்து, கடைசியில் இடப்பக்கம் வரும். தப்பு செய்தால் மன்னிக்கும், ஆனால் தப்பு செய்ததைச் சொல்லிவிடும். என் பழைய கல் செய்யாத வேலை இதுதான்.

மூன்றாம் படி கற்கள். இன்னோவா கேட்டர் 5, 2, 0, 3. டைனமிக் டிஸ்க்ஸ் ஜஸ்டிஸ் 5, 1, 0.5, 4. எம்விபி டிஃப்ளெக்டர் 5, 3.5, 0, 4. ஜஸ்டிஸின் கிளைடு எண்ணைக் கவனியுங்கள்: 1. மிதப்பது என்ற பேச்சே கிடையாது. 70 மீட்டர் எறியும் கைக்கு இது அந்தத் தூரத்தில் பாதிக்குச் சற்று மேலே போய் இடப்பக்கம் இறங்கிவிடும். 100 மீட்டருக்கு மேல் மிட்ரேஞ்ச் எறியும் கைகளுக்கு, புயல் மாதிரிக் காற்றில், இது தங்கம். உங்களுக்கும் எனக்கும் இது பையில் எடை.

இன்னொரு காரணமும் உண்டு. நிறையப் பேர் பையில் ஏற்கெனவே டிஸ்க்ராஃப்ட் ஸோன், வெஸ்ட்சைட் ஹார்ப், இன்னோவா டோரோ மாதிரி ஓவர்ஸ்டேபிளான அப்ரோச் தட்டு ஒன்று இருக்கும். கூடைக்கு 50, 60 மீட்டருக்குள் காற்றடித்தால் அதைத்தான் எடுப்பார்கள். மூன்றாம் படி மிட்ரேஞ்ச் செய்யும் வேலையில் பெரும்பகுதி அதுவே செய்துவிடும். இல்லையென்றால் அடுத்த தட்டாக அதை வாங்குங்கள், ஜஸ்டிஸை அல்ல. டோரோ 4, 2, 1, 4. ஸோனும் ஹார்ப்பும் 4, 3, 0, 3. அவை டோரோவைவிடச் சற்று இணக்கமானவை.

நீங்கள் பஸ்ஸின் பிடிக்குப் பழகியவர், வரப்பு பிடிக்காது என்றால் பஸ் ஓஎஸ் எடுங்கள். வரப்பு பரவாயில்லை என்றால் ராக் 3. நான் ராக் 3 பக்கம் சாய்வதற்கு ஒரு காரணம், எந்தக் கடையிலும் கிடைக்கும், எல்லாப் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கும், குளத்தில் போனால் அதே மாதிரி இன்னொன்றை மறுநாளே வாங்கலாம். தட்டு தொலைவது உறுதி. எனவே மறுபடி கிடைப்பதும் ஒரு தகுதி.

இப்படி ஒரு தட்டு கையில் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு எங்கள் ஊர்ப்பக்கத்து உதாரணம் ஒன்று. சார்லட்டிலிருந்து அரை மணி தூரத்தில், தென் கரோலினாவின் ராக் ஹில்லில் வின்த்ராப் பல்கலைக்கழக வளாகம். 1999 முதல் அமெரிக்க டிஸ்க் கால்ஃப் சாம்பியன்ஷிப் நடக்கும் இடம். அங்கே 17-ஆவது குழி (அதாவது 17-ஆவது கூடைக்கான பாதை) பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. சுமார் 75 மீட்டர்தான், உங்கள் கைக்கே எட்டும் தூரம். ஆனால் கூடையைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தீவு மாதிரி செய்திருப்பார்கள். அதற்குள் தட்டு நிற்க வேண்டும், வெளியே போனால் தண்டம். போட்டியில் முன்னணியில் இருந்தவர்களே அங்கே வந்து தடுமாறிய வருடங்கள் உண்டு.

அங்கே மிதக்கும் நேர்த்தட்டை எறிந்தால் அது தரையில் சறுக்கி மறுபக்கம் வெளியேறும். காற்று லேசாகத் தூக்கினாலும் முடிந்தது. ஓவர்ஸ்டேபிள் தட்டை உயரமாக, செங்குத்தான ஹைசரில் எறிந்தால் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று முன்பே தெரியும். விளிம்பு மண்ணில் குத்தி அங்கேயே உட்காரும். அதே தட்டைத் தாழ்வாக, தட்டையாக எறிந்தால் மட்டும் எதிர்விளைவு: தரையில் பட்டு இடப்பக்கம் வேகமாகச் சறுக்கும். மரத்தைச் சுற்றிப் போக வேண்டிய இடத்தில் அந்தச் சறுக்கலும் ஒரு கருவிதான். எந்தக் கோணத்தில் இறக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. ஓவர்ஸ்டேபிள் மிட்ரேஞ்ச் வாங்குவது தூரத்துக்காக இல்லை. எங்கே நிற்கும் என்று முன்பே தெரிவதற்காக.

ஃபோர்ஹேண்ட் எறியத் தொடங்கியிருந்தால் இரண்டாம் படித் தட்டு அதற்கும் நல்ல ஆசான். ஃபோர்ஹேண்டில் சுழற்சி குறைவாகவும் தள்ளாட்டம் அதிகமாகவும் வரும், பஸ்ஸை அப்படி எறிந்தால் பாதி நேரம் கவிழும். ராக் 3 தாங்கும்.

எடை. டிஸ்க் கால்ஃபின் உலக அமைப்பான பிடிஜிஏ வைத்திருக்கும் விதி, விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம். மிட்ரேஞ்சின் விட்டம் சுமார் 21.7 சென்டிமீட்டர், ஆகவே 180 கிராம்தான் உச்சம். காற்றுக்கென்று வாங்குவதால் 177-க்குக் கீழே போகாதீர்கள். 165 கிராம் ராக் 3 என்பது பெயரளவில் ராக் 3. காற்றில் பஸ்ஸின் தம்பி மாதிரி நடக்கும். மலைப்பகுதியில் ஆடுபவர்களுக்கு மட்டும் ஒரு திருத்தம். டென்வர் மாதிரி 1,600 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது, எல்லாத் தட்டும் கூடுதலாக ஓவர்ஸ்டேபிளாகும். அங்கே இருப்பவர் நான் சொன்னதில் ஒரு படி இறங்கி வாஸ்ப், ஈமேக் ட்ரூத் பக்கம் போகலாம்.

வாங்கியதும் நேராகக் களத்துக்குப் போகாதீர்கள். ஏதாவது ஒரு கால்பந்து மைதானம், காற்றில்லாத காலை. பஸ்ஸையும் புதுத் தட்டையும் மாற்றி மாற்றி எறியுங்கள். முதலில் தட்டையாக, முக்கால் பலத்தில். அப்புறம் ஹைசரில். கடைசியாக அன்ஹைசரில், அதாவது இடது விளிம்பைத் தூக்கி. அந்த மூன்றாவதுதான் உண்மையைச் சொல்லும். பஸ் அந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கமே போகும். புதுத் தட்டு பாதியில் நிமிர்ந்து திரும்ப வேண்டும். எவ்வளவு தூரத்தில் நிமிர்கிறது என்பதை காலடி வைத்து அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் மரத்தைச் சுற்றி எறியும்போது இந்த எண் உதவும். நிமிரவே இல்லை என்றால் அந்தத் தட்டின் விளிம்புக்கோடு தாழ்வாக இருக்கிறது, அல்லது நீங்கள் நினைப்பதைவிடப் பலமாக எறிகிறீர்கள். கிளம்பியதுமே இடப்பக்கம் திரும்புகிறது என்றால் மூக்கைத் தூக்கி எறிகிறீர்கள். பின்னால் நின்று பார்த்த நண்பரை மறுபடி கூப்பிடுங்கள்.

பின்பு காற்றுள்ள ஒரு மாலையில் இதையே திரும்பச் செய்யுங்கள், காற்றை எதிர்த்து ஒரு முறை, காற்றோடு ஒரு முறை. மொத்தம் 30, 40 எறிதல். இதைச் செய்தவர்கள் மிகக் குறைவு; செய்தவர்கள் அடிக்கடி தட்டு வாங்குவதில்லை.

பஸ்ஸை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பையிலேயே இருக்கட்டும். காற்றில்லாத நாளில் நேர்ப்பாதைக்கு அதுதான். பின்காற்றில் ராக் 3 கல்லாகி விழும்போது மிதந்து போவதும் அதுதான். இரண்டு தட்டின் அடியிலும் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அழியாத பேனாவில் எழுதுங்கள். சாம்பியன் பிளாஸ்டிக்கில் மை சீக்கிரம் அழிகிறது, மாதம் ஒரு முறை மேலெழுத வேண்டும். கோடையில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், சூட்டில் தட்டு நெளிந்துவிடும். நெளிந்த தட்டை அப்பளம் மாதிரிதான் எறிய வேண்டியிருக்கும்.